முந்திப் போன கடிதம்

அத்தியாயம் 6

"இந்தப் பன்னியக் கைது பண்ணிடலாமாக்கா?"

ஈரப்பலா மரத்தடியில் நின்ற பன்றியின் வாயில் நீல ஒயர் ஒன்று நூடுல்ஸ் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. மசினா அக்கா தாழை விசிறியால் இரண்டு தரம் விசிறிக்கொண்டு அதை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதுக்கு ஒயரு கடிக்கத்தான் தெரியும். நாம தேடற ஆளுக்கு எழுதவும் தெரியும். நட பெனி."

மசினா அக்கா தலைநகர் அப்பியா போலீஸில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் என் டாக்ஸியில் ஏறினார், இன்னும் இறங்கவில்லை. டிரைவர், உதவியாளர், அக்கா சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் ஆள் என்று எனக்கு மூன்று உத்தியோகம். மூன்றாவதுதான் கொஞ்சம் கஷ்டம்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சவாயி தீவில், வைமானு கிராமத்தில், காலை பதினோரு மணி. மாலை நாலு மணிக்கு ஊர்க் குடும்பத் தலைவர்களின் சபை கூடப்போகிறது. கூடினால் சுலு டீச்சரை ஊரைவிட்டே அனுப்பிவிடுவார்கள். டீச்சர் வேறு ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவர் செத்து இரண்டு வருஷம். வீட்டுக்குள் இரண்டு பிள்ளைகள், வாசலில் கணவரின் சமாதி. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். சமாதியை எப்படித் தூக்கிக்கொண்டு போவது? டீச்சர்தான் நேற்று அக்காவுக்கு போன் செய்தார்.

குற்றம் இதுதான். ஊர்த் தலைவர் தோலுவா, கடற்கரையை ஒரு ஹோட்டல்காரனுக்கு அறுபது வருஷக் குத்தகைக்கு விட்டு யாருக்கும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தப் பத்திரத்தோடு ஒரு மொட்டைக் கடிதத்தையும் சேர்த்து யாரோ அப்பியா பத்திரிகைக்கு ஈமெயிலில் அனுப்பிவிட்டார்கள். கடிதத்தில் தலைவரை 'கிழட்டு ஆமை' என்று வேறு எழுதியிருந்தது. புதன்கிழமை முதல் பக்கத்தில் வந்தது. கடற்கரை போகிறதே என்று கொதிக்க வேண்டிய ஊர், ஊர் விஷயம் வெளியே போய்விட்டதே என்று கொதித்தது. எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். வீடு எரிந்தாலும் பக்கத்து ஊருக்குப் புகை தெரியாமல் பார்த்துக்கொள்வார்கள்.

பாதிரியார் வீட்டு முன்னறையில், லேஸ் துணி போர்த்தி, பிளாஸ்டிக் பூ வைத்து, ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. பாதிரியாரின் மனைவி ரூத்தா அம்மா துணியை விலக்கிக் காட்டினார்.

"இதுதான் வாசல்" என்றார். "ஊருக்கே ஒரு டெலிபோன் லைன்தான். அது இதுக்குள்ள வருது. இதுலருந்து நாலு ஒயர் போகுது. பள்ளிக்கூடம், மகளிர் சங்கம், கடை, தலைவர் வீடு. சுலுதான் மரத்து மேல ஏறி ஒயர் இழுத்தா. அவ புருஷன் இருந்தா அவன் ஏறியிருப்பான்."

"இது அணைஞ்சிருந்தா?" என்று கேட்டார் அக்கா.

"மத்த நாலும் சும்மா எழுதற மிஷினு. எழுதலாம், அனுப்ப முடியாது. காலைல ஏழரைக்கு நான் போடுவேன். சாயங்காலம் ஜெபத்துக்கு முன்னாடி அணைச்சுடுவேன்."

"ஞாயித்துக்கிழமை?"

ரூத்தா அம்மா மார்பில் கை வைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை துணியக்கூட எடுக்க மாட்டேன். இந்த வீட்டுக் கரண்ட் பெட்டியப் பூட்டிடுவேன். சாவி இங்க." கழுத்துச் சங்கிலியில் சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சாவி தொங்கியது.

"கர்த்தருக்கும் கரண்டுக்கும் ஒரே சங்கிலி" என்றேன்.

அக்கா விசிறியின் காம்பால் என் முழங்கையில் ஒன்று போட்டார். அது ரொம்ப நாள் பழக்கம், இப்போதெல்லாம் வலிப்பதில்லை.

பள்ளிக்கூடத்தில் சுலு டீச்சர் தரையில் உட்கார்ந்து பரீட்சைத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒடிசலான பெண், முப்பத்தைந்து வயசு இருக்கும். அழுத முகம் இல்லை. அழுவதைத் தள்ளிப்போட்ட முகம்.

"நான் அனுப்பல" என்றார். "ஆனா நான் அனுப்பலன்னு நிரூபிக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல."

"அவங்ககிட்ட என்ன இருக்கு?"

டீச்சர் ஒரு தாளை நீட்டினார். சபையின் பேச்சாளர் சவேலியோ அப்பியா வரைக்கும் போய், பத்திரிகை ஆபீஸில் சண்டை போட்டு வாங்கிவந்த கடிதத்தின் நகல். மேலே கம்ப்யூட்டர் தானாகப் போட்ட தேதி: 2008 நவம்பர் 10, திங்கள், மதியம் 2.10.

"திங்கக்கிழமை ரெண்டு மணிக்கு ஊர் முழுக்கச் சாவு வீட்ல இருந்துச்சு" என்றார் டீச்சர். "மூத்த டீக்கன் அடக்கம். கடைய மூடிட்டாங்க, சங்கத்த மூடிட்டாங்க. நான் மட்டும் இங்க மார்க் ஏத்திட்டு இருந்தேன். அன்னிக்கே அனுப்பணும்னு கல்வி ஆபீஸ்ல உத்தரவு. சாவுக்கு வராதவன்னு ஏற்கனவே கோபம். இப்ப இது."

"டெலிபோன் ஆபீஸ்ல கேட்டா எந்தக் கம்ப்யூட்டர்னு சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"கேட்டாங்க. வைமானு பாதிரியார் வீட்டு லைன்னு சொன்னாங்க. வெளியில இருந்து பாத்தா அஞ்சுக்கும் அந்த ஒரே முகவரிதான். உள்ள எது அனுப்புச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது."

"பஸ் நம்பர் தெரியும், எறங்கினவன் யாருன்னு தெரியாது."

"அதேதான். மெயில் முகவரியும் ஊருக்கே ஒண்ணுதான், நான்தான் வச்சுக் குடுத்தேன். அந்தக் குத்தகைப் பத்திரமே அந்த முகவரிக்குத்தான் வந்துச்சு. அஞ்சு இடத்துல இருந்தும் யார் வேணா பாத்திருக்கலாம். பாதிரியார் வீட்டச் சந்தேகப்பட முடியாது. தலைவர் வீட்டச் சந்தேகப்படவே முடியாது. மிச்சம் இருக்கற எல்லாரும் சாவு வீட்ல." டீச்சர் தாள்களைத் தட்டிச் சமன் செய்தார். "நான்தான் வெளியூர்க்காரி."

எனக்குச் சுருக்கென்றது. மரமேறி ஊருக்கே இன்டர்நெட் இழுத்துக் கொடுத்தவளுக்கு ஊர் தருகிற மரியாதை இது.

"தலைவர் என்ன சொல்றார்?" அக்கா கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல. புதன்கிழமைலருந்து யார்கிட்டயும் பேசவே இல்லையாம். அவ்வளவு கோபம்னு சவேலியோ சொல்லிட்டுத் திரியறாரு."

அக்கா பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரின் முன் குனிந்தார். ஏதோ பெரிதாகத் தட்டிப் பார்க்கப்போகிறார் என்று நானும் குனிந்தேன். திரையின் வலது மூலையில் இருந்த கடிகாரத்தை மட்டும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மணி கேக்கணும்னா என்னைக் கேளுங்கக்கா, கையில கட்டியிருக்கேன்."

"உன் வாட்ச் போன கிறிஸ்துமஸ்லருந்து ஓடல."

வெளியே வந்ததும் அக்கா செல்போனை எடுத்துப் பத்திரிகை ஆபீஸுக்குப் பேசினார். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. கேட்டுவிட்டு ரொம்ப நேரம் "ம்" கொட்டினார்.

"என்னக்கா?"

"அந்த மெயில் அங்க எப்ப வந்து விழுந்துச்சுன்னு கேட்டேன். திங்கக்கிழமைதான். காலைல ஏழு முப்பத்திநாலு. கொட்டாவி விட்டுட்டே ஆபீஸ் திறந்த பொண்ணுக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அன்னிக்கு அதுதான் முதல் மெயிலாம்."

நான் விரல் விட்டு எண்ணினேன். எப்படி எண்ணினாலும் சரியாக வரவில்லை. "மதியம் ரெண்டு பத்துக்கு எழுதின கடுதாசி, காலைல ஏழரைக்கே போய்ச் சேந்துச்சா?"

"ஆமா."

"நம்ம கப்பல் சர்வீஸ் இதுகிட்டக் கத்துக்கணும்."

"எழுதறதுக்கு முன்னாடி எந்தக் கடுதாசியும் போகாது பெனி. அப்ப எது பொய்? போய்ச் சேந்த நேரத்த அப்பியால ஒரு பொண்ணு கண்ணால பாத்திருக்கா. தேதி போட்டது ஒரு மிஷினு. தேதி தப்பா ஓடற மிஷின் இந்த ஊர்ல ஒண்ணு இருக்கு."

"அப்படின்னா இப்பவே சபைல போய்ச் சொல்லிடலாமே, டீச்சர் தப்பிச்சுடுவாங்க."

"தேதி தப்புன்னு சொன்னா, அத மாத்தி வச்சதும் டீச்சர்தான்னு சவேலியோ சொல்வார். ஊர்ல கம்ப்யூட்டர் தெரிஞ்சது அவ ஒருத்திதான். ஆளக் கொண்டுபோய் நிறுத்தணும். நட."

ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். பாதிரியார் வீட்டுக் கம்ப்யூட்டரில் தேதி சரி. மகளிர் சங்கத்தில் ஐந்து பெண்கள் பாய் முடைந்தபடியே எங்களை வழியனுப்பினார்கள், ஒருத்தியும் நிமிரவில்லை. தேதி சரி. கடையில் உப்பிட்ட மாட்டிறைச்சி டின்களுக்கு நடுவே கம்ப்யூட்டர், அதன்மேல் பூனை. பூனையைத் தள்ளிவிட்டுப் பார்த்தோம். தேதி சரி.

"பள்ளிக்கூடத்தோட சேத்து நாலு ஆச்சு" என்றேன். மிச்சம் இருந்தது ஒரே ஒரு வீடு. அந்த வீட்டுப் படியேறி 'உங்க தேதியக் காட்டுங்க' என்று சொல்லிவிட்டு முழுசாக இறங்கி வந்தவர்கள் யாரும் இல்லை.

தலைவர் தோலுவாவின் வீடு கடலைப் பார்த்த திறந்த வீடு. சுவர் இல்லை, தூண்கள்தான். தலைவர் தன் தூணில் சாய்ந்து சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். எழுபது வயசு, பெரிய உடம்பு. நாங்கள் குனிந்து போய் உட்கார்ந்து, வணக்கமெல்லாம் முறையாகச் சொன்னோம். அவர் தலையசைத்ததோடு சரி. அவர் மனைவி லோசா அம்மா சூடான கோகோவைக் கொண்டுவந்து வைத்தார். பேச ஆள் கிடைக்காமல் மூன்று நாளாகத் தவித்தவர் போலிருக்கிறது.

"கம்ப்யூட்டரா? பாருங்க, பாருங்க. இவரோட தம்பி ஆக்லாந்துல இருக்கான். அவன் புதுசு வாங்கினப்ப பழச நமக்கு அனுப்பினான். வந்து ரெண்டு வாரம்தான் ஆச்சு. எல்லாம் சரியா இருக்கு, ஒண்ணையும் மாத்தாதீங்கன்னு எழுதியிருந்தான். நாங்க ஒண்ணையும் மாத்தல."

நான் முழங்காலில் நகர்ந்து போய்த் திரையைப் பார்த்தேன். மணி பன்னிரண்டு இருபது. அக்காவின் செல்போன் மணியோடு நிமிஷம் பிசகாமல் ஒத்துப்போனது. எனக்கு நெஞ்சு லேசானது. பிறகு பக்கத்திலிருந்த எழுத்தைப் படித்தேன்.

சனிக்கிழமை.

"அக்கா, இன்னிக்கு வெள்ளிதானே?"

"இங்க வெள்ளி. ஆக்லாந்துல சனி." அக்கா கோகோவை ஊதிக் குடித்தார். "இந்த மாசத்துல அவங்களுக்கும் நமக்கும் சரியா ஒரு நாள் வித்தியாசம். நடுவுல தேதிக் கோடு போகுதே. மணி ஒண்ணுதான், கிழமைதான் வேற. மணி தப்பா இருந்தா எவனாவது பாத்திருப்பான். மணி சரியா இருந்தா கிழமைய யார் பாக்கறாங்க?"

லோசா அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கிக்கொண்டே வந்தது. இந்த மிஷின் திங்கள் என்று சொன்னால் அது ஞாயிறு. கடிதம் எழுதியது ஞாயிறு மதியம் இரண்டு பத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை வாசல் பூட்டியிருந்தது. எழுதியவர் அனுப்பு என்று தட்டியிருப்பார். கடிதம் போகாமல் உள்ளேயே காத்துக்கிடந்திருக்கும். திங்கள் காலை ஏழரைக்கு ரூத்தா அம்மா வாசலைத் திறந்ததும் தானாகக் கிளம்பிப் போயிருக்கும்.

"அம்மா, ஞாயித்துக்கிழமை இத யாராவது தொட்டாங்களா?" அக்கா சாதாரணமாகக் கேட்டார்.

"ஐயோ, ஞாயித்துக்கிழமையா! யார் தொடுவா? ஆனா ஒண்ணு. திங்கக்கிழமை காலைல நான் துணிய எடுக்கறேன், பெட்டி சூடா இருக்கு. ராத்திரி முழுக்க ஓடியிருக்கு. திரைய மட்டும் அணைச்சு யாரோ மூடி வச்சிருக்காங்க. பொண்ணுங்களத் திட்டினேன், நாங்க இல்லன்னு சத்தியம் பண்ணாங்க."

"ஞாயிறு ரெண்டு மணிக்கு வீட்ல யாரெல்லாம் இருந்தீங்க?"

"யாரும் இல்ல. பன்னிரண்டரைலருந்து மூணு மணி வரைக்கும் பாட்டுக்குழு பயிற்சி. பொண்ணுங்க, மருமகளுங்க, பேரப்பிள்ளைங்க எல்லாத்தையும் நான்தான் ஓட்டிட்டுப் போவேன், ஒருத்தரயும் விட மாட்டேன்." லோசா அம்மா பெருமையோடு சிரித்தார். "இவர் மட்டும்தான். சாப்பிட்டுத் தூங்குவார்."

என் கோகோவில் ஒரு ஈ விழுந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

"அனுப்பின மெயிலெல்லாம் உள்ள ஒரு இடத்துல இருக்கும்" என்றார் அக்கா. "பெனி, அதத் திற."

என் கை நீண்டது.

"வேண்டாம்."

மூன்று நாளைக்குப் பிறகு தலைவர் தோலுவா பேசிய முதல் வார்த்தை அது. லோசா அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"தம்பிதான் ஹோட்டல்காரன் பேப்பர அனுப்பினான்" என்றார் தலைவர், தரையைப் பார்த்தபடி. "படின்னு சொல்லல, கையெழுத்துப் போடுன்னான். போட்டுட்டேன். அப்புறம்தான் படிச்சேன்."

"படிச்சதும் வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே ஐயா."

"ஊர் முன்னாடி எந்திரிச்சு, படிக்காம கையெழுத்துப் போட்டேன்னு தோலுவா சொல்றதா? இந்தத் தலைமைப் பேர எனக்கு முன்னாடி பதினோரு பேர் சுமந்திருக்காங்க."

"அதனால உங்கள நீங்களே திட்டி எழுதினீங்க."

"ஊர் கொதிக்கும்னு நெனச்சேன். கொதிச்சா, ஊர் சொல்லிடுச்சு, நான் விட்டுக்குடுக்கறேன்னு பின்வாங்கிடலாம். ஒரு விரலால அடிச்சேன். ஒன்றரை மணி நேரம் ஆச்சு. அணைக்கத் தெரியல."

என்னால் அடக்க முடியவில்லை. "ஐயா, கிழட்டு ஆமைன்னும் நீங்களேவா போட்டீங்க?"

"வேற ஒண்ணும் தோணல."

"ஊர் கொதிச்சுது, டீச்சர் மேல" என்றார் அக்கா. அவர் குரலில் இருந்த மரியாதை கொஞ்சமும் குறையவில்லை, அதுதான் எனக்கு பயமாக இருந்தது. "அந்தப் பொண்ணுக்கு ரெண்டு பிள்ளைங்க. புருஷன் உங்க மண்ணுலதான் படுத்திருக்கான். சாயங்காலம் நீங்க தலையாட்டினா அவ நாளைக்குக் கப்பல்ல இருப்பா. தலையாட்டியிருப்பீங்களா?"

எனக்கு அந்தக் கிழவர்மேல் இரக்கமும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் ஒரு படி அதிகம்.

"நாலு மணிக்கு நான் சபைல சொல்லிடலாம்" என்றார் அக்கா. "எனக்கு அதுல ஆசை இல்ல."

தலைவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "லோசா. பாய எடு."

"எந்தப் பாய்?"

"பெருசு."

மூத்த மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த பாய் அது. பட்டு மாதிரி மெல்லிசு, முடைய நாலு வருஷம் பிடிக்கும். லோசா அம்மா ஏன் என்று கேட்கவில்லை. எழுந்து போய் எடுத்து வந்தார்.

எங்கள் பழக்கத்தில், மன்னிப்பு கேட்கிறவன் பாதிக்கப்பட்டவர் வீட்டு வாசலில் தலையில் பாயைப் போர்த்திக்கொண்டு உட்காருவான். வீட்டுக்காரர் வந்து பாயை எடுத்தால் மன்னிப்பு. எடுக்காவிட்டால் அவர்கள் இஷ்டம், எது வேண்டுமானாலும் செய்யலாம். இதெல்லாம் விடியற்காலையில், ஊர் எழுவதற்கு முன் செய்வது. தோலுவா பிற்பகல் மூன்று மணி வெயிலில், ஊர் நடுவே நடந்துபோய், சுலு டீச்சர் வீட்டு வாசலில், சமாதிக்கு எதிரே உட்கார்ந்தார். பாயால் தலையை மூடிக்கொண்டார்.

டீச்சர் வீட்டுக்கும் சுவர் இல்லை. உள்ளே பிள்ளைகளோடு துணி மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். பாய்க்குள் இருப்பது யார் என்று புரிய நேரமாகவில்லை. வைமானுவில் அவ்வளவு பெரிய உடம்பு ஒன்றுதான். பார்த்தார், பிறகு மறுபடி துணி மடிக்க ஆரம்பித்தார்.

"எடுக்க மாட்டாங்களாக்கா?" என்று கிசுகிசுத்தேன்.

"அது அவ இஷ்டம். வாய மூடு."

மூடினேன். நாலு மணிக்குச் சங்கு ஊதினார்கள். சபை வீட்டில் தலைவர் வழக்கமாகச் சாயும் தூண் காலியாக இருக்கவே சவேலியோ தேடிக்கொண்டு வந்தார், அவர் பின்னால் மற்ற தலைவர்கள். பாயைப் பார்த்ததும் ஒவ்வொருவராகப் புல்லில் உட்கார்ந்தார்கள். மகளிர் சங்கத்துப் பெண்கள், கடைக்காரர், பாதிரியார், ரூத்தா அம்மா என்று ஊரே வந்து உட்கார்ந்தது.

கடைசி ஆள் உட்கார்ந்ததும்தான் டீச்சர் வெளியே வந்தார்.

"மூணு நாளா என் பிள்ளைங்களோட ஒருத்தரும் பேசல" என்றார் பாயைப் பார்த்து.

"தெரியும்" என்றது பாய்.

"நீங்க பாத்துட்டு இருந்தீங்க."

"ஆமா."

டீச்சர் நின்றுகொண்டே இருந்தார். எடுக்காமல் திரும்பிப் போனாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். பிறகு குனிந்து பாயை எடுத்தார். தலைவரின் முகம் வேர்வையில் நனைந்திருந்தது. டீச்சர் பாயை மடித்துக் கொடுத்துவிடவில்லை, தன் வீட்டுத் தரையில் நடுவே விரித்தார்.

"உள்ள வாங்க. சபை இங்கயே கூடட்டும். என்னைப் பத்தி அப்புறம் பேசலாம், முதல்ல கடற்கரையப் பத்திப் பேசுங்க."

சபையில் எதை முதலில் பேசுவது என்று இதுவரை எந்தப் பெண்ணும் சொன்னதில்லை. சவேலியோ வாயைத் திறந்தார். தலைவர் கையை ஊன்றி எழுந்து, படியேறி, டீச்சர் காட்டிய இடத்தில் போய் உட்கார்ந்தார். சவேலியோ வாயை மூடிக்கொண்டு பின்னாலேயே போனார்.

தோலுவா, தான் படிக்காமல் போட்ட கையெழுத்தைப் பற்றியும் ஞாயிற்றுக்கிழமை எழுதிய கடிதத்தைப் பற்றியும் ஒன்று விடாமல் சொல்ல ஆரம்பித்தார். கேட்கப் போன ஊர் முழுக்க வீட்டுக்குள் இருந்தது. சுலு டீச்சர் மட்டும் வெளியே வந்து கணவரின் சமாதிமேல் உட்கார்ந்தார். காலையிலிருந்து தள்ளிப்போட்டதை அப்போதுதான் அழுதார்.